இறங்காத டிரைவர்

"டேய், இறங்குடா கீழே!"

துணிக்கடைக்காரர் லாரிக் கதவைப் படபடவென்று தட்டினார். டிரைவர் அசையவில்லை. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி, முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான்.

மேடேறித் திரும்பிய லாரி, கடையின் மூலைத்தூணை முறித்துவிட்டு மாடிக்கு அடியில் மூக்கை நுழைத்து நின்றது. முழுக்க மரத்தாலான கட்டடம். லாரிக்கு மேலே உத்திரம் முனகிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டதும் கடைக்காரர் போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடிவந்திருந்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, மாடியில் மனைவி தையல் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள்! மேலே பெண்கள் அலறிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டியைப் பின்னால எடுடா!"

"முடியாது சார். முதல்ல மேல இருக்கிறவங்களை இறக்குங்க."

"செய்யறதையும் செஞ்சுட்டு எனக்கே உத்தரவு போடறியா?"

"தர்ம அடி விழும்னு உள்ளேயே பதுங்கிட்டான்," என்றது கூட்டம்.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் மனைவி, அளவு டேப் கழுத்தில் தொங்க வந்து சேர்ந்தாள். கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே கோபமும்.

"மேல யாரும் இல்லையே?" டிரைவர் கத்தினான்.

"இல்லை. வா, உனக்கு இருக்கு!"

"எல்லாரும் தள்ளிப் போங்க!"

லாரி சடாரென்று பின்னால் வந்து சமதரையில் நின்றது. கூட்டம் சிதறியது. உத்திரம் ஒருமுறை பெரிதாக முனகியது. அவ்வளவுதான். மாடி அப்படியே நின்றது.

கீழே இறங்கிய டிரைவரின் சட்டையைக் கடைக்காரர் பிடித்தார். "இதை அப்பவே எடுத்தா என்னடா?"

"மாடியே என் வண்டி மேலதான் நிக்குதுன்னு நினைச்சேன் சார். மோதினதுல ஹேண்ட் பிரேக்கும் போயிடுச்சு. பிரேக்லேர்ந்து காலை எடுத்தா வண்டி உருண்டுடும், மேல இருக்கிறவங்க..."

எதிர்வீட்டு இன்ஜினியரம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்க வண்டி எதையும் தாங்கலைங்க. ஒரு தூண் போனா, அதோட பாரத்தை உத்திரம் பக்கத்துத் தூண்களுக்குக் கொடுத்துடும். இணைப்பெல்லாம் நல்லா இருந்தா மரம் வளையும், முனகும், சட்டுனு விழாது. நீங்க அப்பவே குதிச்சு ஓடியிருக்கலாம்."

கடைக்காரரின் பிடி தளர்ந்தது.

டிரைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"அது எனக்கு இப்பத்தானேம்மா தெரியுது!"