இரண்டாவது சரணம்

இரண்டாவது சரணத்தை எடுக்க அவள் மூச்சை இழுத்தபோது, முதல் வரிசையில் அந்தக் கவிஞர் எழுந்து நின்றார்.

பாடிக்கொண்டிருப்பது அவருடைய பாட்டு.

பதினெட்டு வருடம் ஓட்டல்களில், தட்டு கரண்டிச் சத்தத்துக்கு நடுவே பாடியவள் அவள். ஒருவரும் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்ததில்லை. தனக்குப் பிடித்த ஐந்து பாடலாசிரியர்களின் பாட்டுகளை மட்டும் வைத்து, தனக்கென்று ஒரு நிகழ்ச்சி நடத்துவது இதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எண்பது நாற்காலி போட்ட சின்ன அரங்கு. துணைக்குப் பியானோவில் தம்பி.

ஐவரில் நால்வர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இவர் ஒருவர்தான். ஒரு சொல்லை மாற்றிப் பாடியதற்காகப் பெரிய பாடகர் ஒருவரையே ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வெளியே அனுப்பியவர் என்று பேர். அழைப்பு அனுப்பியிருந்தாளே தவிர, வருவார் என்று நினைக்கவில்லை.

இப்போது அவர் கைத்தடியை ஊன்றி வாசல் பக்கம் திரும்பினார்.

பிடிக்கவில்லை. போகிறார்.

அவ்வளவுதான், அடுத்த இரண்டு வரி மனசிலிருந்து துடைத்துவிட்டாற்போலப் போயிற்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய வரி.

தம்பி விட்ட இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தபடி அவள் முகத்தைப் பார்த்தான். மூன்றாவது சுற்றில் அவனுக்கும் வியர்த்துவிட்டது.

அவள் வாய்க்கு வந்ததைப் பாடினாள்.

‘நீ எழுந்து போனபின்னும் நாற்காலி சூடாயிருக்கும்,
அது ஆறிப் போகும்முன்னே என் பாட்டு முடிந்திருக்கும்.’

கவிஞர் நடையை நிறுத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மீதியை அவள் கண்ணை மூடிக்கொண்டே பாடி முடித்தாள். கைதட்டல் காதில் ஏறவில்லை.

“அக்கா, பின்வாசல் திறந்துதான் இருக்கு. ஓடிடலாம் வா,” என்றான் தம்பி, ஒப்பனை அறைக்குள் வந்ததும்.

அதற்குள் கதவு தட்டப்பட்டது. கவிஞர்தான்.

மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுப்பதற்குள் அவர் கையமர்த்தினார்.

“நீ பாடாம விட்ட அந்த ரெண்டு வரி நான் எழுதினதே இல்லம்மா. அது என் முதல் பாட்டு. படக் கம்பெனிக்காரங்க என் வரியை எடுத்துட்டு அவங்களா எழுதிச் சேர்த்துட்டாங்க. அப்ப வாயைத் திறக்கப் பயம். நாப்பது வருஷமா யார் பாடினாலும், அந்த இடம் வந்தா எழுந்து வெளிய போயிடுவேன். இன்னிக்குத்தான் முழுசா கேட்டேன்.”

அவள் அங்கிருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்தாள். அழுகைதான் வரும் என்று நினைத்தாள், சிரிப்பு வந்தது. தம்பி அவிழ்த்துக்கொண்டிருந்த கழுத்து டையை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

“அப்ப, நீங்க எழுதின வரி என்ன சார்?” என்று கேட்டாள்.

அவர் கூரையைப் பார்த்தார். உதட்டை அசைத்துப் பார்த்தார்.

“மறந்துபோச்சு,” என்றார். “இனிமே உன்னோடதையே பாடு.”