டீசல் மணத்த கிணறு

"மணந்து பாருங்கோ பிள்ளை. இது தண்ணியோ, டீசலோ?"

இளையதம்பி வாளியை நீட்டினார். நிசாந்தினி மூக்கைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியே இருக்கவில்லை.

மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துப் பார்க்க அலுவலகத்திலிருந்து விசுவமடுவுக்கு வந்தவள் அவள். இளையதம்பியின் கிணற்றுக்கும் பக்கத்தில் வாகனங்களுக்கு எண்ணெய் அடிக்கிற பெற்றோல் செற்றுக்கும் இடையில் ஒரு கம்பிவேலிதான்.

"அந்தச் செற்காரி கமலாசனியின்ர தாங்கி ஓட்டை. செற்றை மூடச் சொல்லி மனுக் குடுத்திருக்கிறன். விடிஞ்சா போய் ஏசிப்போட்டுத்தான் வாறன். அவள் குனிஞ்ச தலை நிமிர்றேல்லை."

படலையடியில் நல்ல தண்ணீர்க் கலன் ஒன்று இருந்தது.

"இது ஆர் தந்தது ஐயா?"

"அவள்தான் நாளாந்தம் அனுப்புறாள். பிழை இல்லாட்டி ஏன் அனுப்புறாள்?"

நிசாந்தினிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. பிள்ளைகுட்டி இல்லை. மனுசியும் போயிட்டாள். இந்தப் படலையைத் திறந்து ஆரும் வாறேல்லை."

"வேலை கிடக்குது ஐயா" என்று அவள் எழும்பினாள். கிணற்றடியைத் தாண்டும்வரை அவர் ஏதோ கதைத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

செற்றில் கமலாசனி பூட்டுகளின் திறப்புக்கோர்வையை அப்படியே கையில் கொடுத்தாள்.

"தாங்கியைப் பாருங்கோ. செற் முழுக்கத் தோண்டுங்கோ. அந்த ஐயாவின்ர வீட்டு வளவுக்க மட்டும் வேண்டாம் தங்கச்சி."

"ஏன் அக்கா?"

"வேண்டாம்."

எதையோ மறைக்கிறாள் என்று நிசாந்தினிக்கு உறுதியாகிவிட்டது.

ஆனால் தாங்கியில் ஒழுக்கில்லை. சுற்றிவரத் துளைத்தெடுத்த மண் சுத்தம். வேலியோரத்து மண்ணும் சுத்தம்.

அடுத்த நாள் இளையதம்பியிடம் சொல்லிவிட்டு, அவர் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்த நேரம் அவரது வளவுக்குள் துளைத்தாள். விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் மண் கறுப்பாக வந்தது. டீசல் நாற்றம் முகத்தில் அடித்தது. வேலையாட்கள் விறகை விலக்கிக் கிண்டினார்கள். உள்ளே, மண் மூடித் தாட்டு வைத்த பிளாஸ்ரிக் கலன்கள். ஒன்று வெடித்துக் கசிந்து வெறுமையாகக் கிடந்தது.

நிசாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானே டீசலைத் தாட்டு வைத்துவிட்டு, அடுத்தவளை விடிஞ்சா பொழுதுபட்டா ஏசுகிற மனுசன்.

"வரட்டும். முகத்துக்கு நேர கேக்கிறன்" என்றாள்.

கமலாசனி வேலியால் பூந்து ஓடிவந்தாள்.

"அவருக்குத் தெரியாது தங்கச்சி. இது அமராவதியக்கா, அவற்ற மனுசி, தாட்டது. டீசல் தட்டுப்பாட்டுக்க கிடைச்சதில கொஞ்சம் கொஞ்சமா மிச்சம் பிடிச்சவா. விதைப்புக்கு அவற்ற உழவு ரக்டர் நிக்கக்கூடாதெண்டு. 'மனுசனுக்குச் சொல்லிப்போடாதை, கேக்கிறவைக்கெல்லாம் ஊத்திக் குடுத்துப்போடும்' எண்டு என்னட்ட மட்டும் சொன்னவா. விதைப்புக்கு முதலே அவா போயிட்டா."

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியும்?"

"கிணறு மணக்கத் தொடங்கினோடனேயே விளங்கிட்டுது."

நிசாந்தினி குறிப்பேட்டைத் திறந்தாள்.

"நான் உள்ளதைத்தான் எழுதவேணும் அக்கா."

"எழுதுங்கோ. கலனையும் மண்ணையும் நான் அள்ளி எடுக்கிறன். கிணத்தையும் இறைச்சுத் தாறன். அவருக்கு மட்டும், செற்றின்ர பழைய டீசல் எண்டு சொல்லிவிடுங்கோ."

"அவர் உங்களை இன்னும் ஏசுவாரே. செய்யாத பிழைக்கு ஏன் இந்த ஏச்சு?"

கமலாசனி விறகுக் குவியலைத் திரும்ப அடுக்கத் தொடங்கினாள்.

"என்னோட கோவிச்சுக்கொண்டு இருக்கட்டும் தங்கச்சி. செத்துப்போன அக்காவோடயும் கோவிச்சா, அந்தாளுக்கு வேற ஆர் இருக்கினம்?"