பக்கத்து சீட்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் விற்கும் தரகருக்கு அந்தச் சின்னச் சிவப்பு வண்டியை எப்படியாவது தள்ளிவிட வேண்டும். கூரை கிடையாது, ஏசி கிடையாது. ஆசையாய் வருகிற ஆண்களையெல்லாம் கூட வருகிற மனைவிமார் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பாவம், அவரும் என்னதான் செய்வார்?

இன்றைக்கும் ஒரு தம்பதி. கணவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து கேள்வியாய்க் கேட்டார்.

"ரேஸ் டிராக்ல, வளைவுல கவிழாதே? பெல்ட் கெட்டிதானே?"

"விலையும் கம்மி, எடையும் கம்மிண்ணே. பூ மாதிரி பறக்கும். பெரிய வண்டிக்காரனெல்லாம் பின்னாடி புகைதான் குடிக்கணும்!"

"அவ்வளவு வேகமா?" கணவர் எச்சிலைக் கூட்டி விழுங்கினார்.

மனைவி மட்டும் தள்ளி நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவும் போச்சு என்று நினைத்த தரகர் அவள் பக்கம் திரும்பினார்.

"அக்கா, முடி கலையுமேன்னு யோசிக்காதீங்க. அண்ணன் ஆசைப்படுறார்ல?"

அவள் சும்மா சிரித்தாள். தரகர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"வண்டி இன்னும் லேசாகணுமா? டிரைவர் பக்கத்து சீட்டை இலவசமாக் கழட்டித் தர்றேன்."

கணவர் முகம் வெளுத்தது. "கழட்டிட்டா நான் எங்கப்பா உட்கார்றது?"

"நீங்க ஸ்டியரிங் பிடிப்பீங்கல்லண்ணே!"

"எனக்கு ஓட்டவே தெரியாதுப்பா. ஓட்டுறது இவ. நான் பக்கத்துல உட்கார்ந்து வழி நெடுக எச்சரிக்கை பண்ணினாத்தான்..."

மனைவி சாவிக்குக் கை நீட்டினாள்.

"கழட்டிடுங்க தம்பி. இனிமேலாவது இன்ஜின் சத்தம் என் காதுல விழட்டும்."