கிளாலியில் ஏறியவர்கள்

வயிற்றில் இருக்கும் பிள்ளை வளர்ந்த பிறகு கேட்கட்டும் என்று, கஜனி தன் அப்பா சச்சிதானந்தன் போரில் ஊரை விட்டு வந்த கதையை ஃபோனில் பதிவு செய்தாள். ஞாயிறு மத்தியானம். டோர்செட் பார்க் அபார்ட்மென்டில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள்.

“கிளாலிக் கரையில வள்ளம் ஏறினது அஞ்சு பேர். அப்பா, அம்மா, நான், ரெண்டு தங்கச்சிமார்,” என்றார் அவர்.

பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அதில் அவர் சொல்லி முடித்ததும் ஒரு பெண்குரல் வந்தது.

“என்னை விட்டிட்டாய், தம்பி.”

“ஆரப்பா உது?” என்றாள் கஜனி.

அவர் தண்ணீர் குடித்தார்.

“திருப்பி ரெக்கோட் பண்ணு,” என்றார். “வள்ளம் ஏறக் கரைக்கு வந்தது ஆறு பேர். வள்ளத்தில இடம் காணாதெண்டு கமலாம்பிகை அக்காவை இறக்கிவிட்டது நான்தான்.”

அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்ததையே கஜனி அன்றுதான் அறிந்தாள்.

இரண்டாவது பதிவையும் போட்டாள். அப்பாவின் குரல் முடிந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பின்பு அதே பெண்குரல், அவசரமில்லாமல் கேட்டது.

“பிறகு?”

“காணும் அப்பா, நிப்பாட்டுவம்,” என்று கஜனி ஃபோனை எடுக்கப் போனாள். அவர் அவள் கையை விலக்கினார். அடுத்த பதிவுக்கு அவரே அழுத்தினார்.