லாயத்துப் பல்லி

குதிரையான என்னைப் பழக்க அருளப்பன் சாட்டையே எடுப்பதில்லை. கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பார். நானாக வந்து பக்கத்தில் நின்றால், கையிலுள்ள கிளிக்கர் பொத்தானை 'டிக்' என்று அமுக்கிக் கேரட் தருவார்.

அதே மனுஷன் வெளியே கிளம்பும்போது பல்லி கத்தினால் வாசலிலேயே நின்றுவிடுவார். போயும் போயும் ஒரு பல்லிக்கா என்று நான் கனைத்துச் சிரிப்பேன்.

நேற்று லாயக் கதவு திறந்து கிடந்தது. எதிரே புல்வெளி, அதற்கப்பால் காடு. நாலுகால் பாய்ச்சலில் கிளம்பினேன். வாசலைத் தாண்டுமுன் கூரையில் 'டிக்' என்று கேட்டது. சட்டென நின்று, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்தேன். அதற்குள் அருளப்பன் வந்து கதவைச் சாத்திவிட்டார்.

"சிரித்துத் தொலைக்காதே, பல்லி," என்றேன்.

"எதற்குச் சிரிக்கிறேன்? அவரையும்தான் தினம் நிறுத்துகிறேன்," என்றது பல்லி. "ஆனால் அவர் ஒருநாளும் என்னிடம் கேரட் கேட்டதில்லை."