பர்மிட் சிமெண்டு

முற்பகல் வெயில் கூடத்தில் சாய்ந்து விழுகிறது. அதில் செங்கல் தூசி மிதக்கிறது. தாலுகா ஆபீசுக்கு இரண்டு மாதம் நடந்து பர்மிட் வாங்கி, பங்கஜவல்லியே பிடிவாதமாக நான்கு சுவருக்கும் பூச வைத்த சிமெண்டு, ஒரு சுவரிலிருந்து பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடக்கிறது. பழைய செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது.

"சுண்ணாம்பு செவுத்துக்கு ஈரம் வெளிய வர வழி வோணும்மா. சிமிட்டி பூசி நம்பளே அடைச்சிட்டோம்" என்கிறார் கொத்தனார் தணிகாசலம். கரண்டிக் காம்பால் இரண்டாவது சுவரைத் தட்டுகிறார். உள்ளே பிடிப்பு விட்டுப்போன பொள்ளல் சத்தம். மூன்றாவதிலும் அதே சத்தம். அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே நிற்கிறாள். பெருமாள் படம் மாட்டிய நான்காவது சுவரில், வெள்ளிக்கிழமை அவள் இட்ட திருமண் நாலு நாளாகியும் காயாமல் பளபளக்கிறது. தணிகாசலம் அங்கேயும் தட்டக் கரண்டிக் காம்பை ஓங்குகிறார்.

"அதை மட்டும் தட்டாதேப்பா."