கடைசி அடியில் வரும் பெயர்

கடைகள் சாத்தி கொன்செப்சியோன் ஊரே படுத்துவிடும் மதிய நேரத்தில், எலாதியோ கிதார் வாசித்துப் பேத்தி யெருதிக்குத் தாலாட்டுப் பாடுவார். யாரைத் தூங்கவைக்கிறார்களோ அவர் பெயரைக் கடைசி அடியில் சேர்ப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். பெயர் காதில் விழுந்ததும் குழந்தை தூங்கிவிடும்.

சுவரில் மாட்டியிருந்த இசைத்தட்டில் அந்தத் தாலாட்டு அவருடையது என்றுதான் போட்டிருந்தது. உண்மையில் அதைக் கட்டியவள் அவர் தங்கை தெயோலிந்தா, இடக்கைக்காரி. தன் பெயர் எங்கே என்று அவள் வந்து கேட்டபோது, "பொம்பளை பேரைப் போட்டா எவன் வாங்குவான்?" என்று சிரித்தார். அந்த வாரமே அவள் ஆற்றில் மூழ்கிச் செத்தாள். அப்போது அவளுக்கு இருபது வயது.

இப்போது மூன்று நாளாகக் கிதாரின் கம்பிகள் இடக்கைக்காரர் வாசிக்கும் வரிசைக்கு மாறியிருந்தன. தினமும் திட்டிக்கொண்டே மாற்றிக் கட்டினார். நான்காம் நாளும் அப்படியே இருந்தது.

"யாருடி இதுல கை வச்சது?"

"அந்த அக்காதான் தாத்தா. தலையெல்லாம் ஈரமா இருக்குமே, அவங்க. நீ படு, இன்னைக்கு நான் பாடறேன்."

"உனக்கு எங்கடி வாசிக்கத் தெரியும்?"

"அவங்க சொல்லிக்குடுத்துட்டாங்களே."

ஐந்து வயதுக் குழந்தை இடக்கையால் மீட்டினாள். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. எலாதியோ கிதாரைப் பிடுங்க எழப் பார்த்தார். கால் அசையவில்லை, இமைகள் கனத்தன. கடைசி அடி வந்ததும் யெருதி நிறுத்தி, அவருக்குப் பின்னால் பார்த்துக் கேட்டாள்:

"ரெக்கார்டுல போட்டிருக்கிற மாதிரியே தாத்தா பேரை முழுசாச் சொல்லணுமா அக்கா?"